பட்டைத் தண்ணீரில் நனைத்த நாற்று

நாவப்பேட்டு ஏரிக்குக் கீழே, இரண்டாவது மதகை ஒட்டினாற்போல் முக்கால் ஏக்கர் நிலம். சாராள் அதைக் குத்தகைக்கு உழுதாள். நிலத்துக்குச் சொந்தக்காரர் சுப்பராயன். ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். 1969 கார்த்திகையில் ஒரு காலை, குடையும் கையுமாக அவர் வரப்பில் வந்து நின்றபோது வயலில் பயிர் இருந்தது, பச்சை இல்லை.

பத்து நாளைக்கு முன்பு வரை முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாய் நின்ற ஐ.ஆர். எட்டு. குட்டை ரகம், காற்றுக்குச் சாயாது, களம் கொள்ளாமல் கொட்டும் என்று சர்க்கார் கொடுத்த புது நெல். இரண்டு நாள் காற்றும் மழையும் அடித்தன. மூன்றாம் நாள் இலை நுனிகளில் மஞ்சள் தட்டியது. மஞ்சள் இலையின் இரண்டு ஓரமாகவும் அலையலையாய் இறங்கியது. பிறகு அனலில் வாட்டினது போல எல்லாம் வெளுத்துச் சுருண்டது. கதிர் வரும் முன்பே வயல் வைக்கோலாகிவிட்டது.

களையெடுக்க வந்திருந்த பெண்கள் வரப்பில் வரிசையாய் நின்றார்கள். நைனா அவர்களைப் பார்த்துவிட்டுச் சாராளிடம் திரும்பினார்.

"போன வருசமும் இதே கததான?"

"ஆமா நைனா."

"நான் இன்னா உன்ன கோச்சிக்கினனா? இல்ல. ஆனா ஒண்ணு. ஊத்துக்கோட்டை சூளைக்காரர் வந்து மண்ண புட்டுப் பாத்துட்டுப் போயிருக்காரு. செங்கல்லுக்கு ஏத்த களியாம். வர்ற சம்பா ஒண்ணு உனக்கு உட்டுத் தரேன். அதுவும் இப்டி போச்சின்னா, நெலத்த சூளைக்குக் குடுத்துருவேன். அப்பறம் ஊட்டு வாசல்ல வந்து அழுவக் கூடாது."

செங்கல்லுக்கு விட்ட நிலத்தில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டுவார்கள். பிறகு அங்கே மழைத் தண்ணீர்தான் நிற்கும், நெல் நிற்காது. இன்னொன்றும் இருந்தது, நைனாவும் சொல்லவில்லை, சாராளும் கேட்கவில்லை. குத்தகைக்கு உழுகிறவரின் பெயரைத் தாலுகா ஆபீசில் பதியலாம் என்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம் அது. பெயர் ஏறிவிட்டால் நினைத்தபோது நிலத்தைப் பிடுங்க முடியாது. பெயர் ஏறும் முன் நிலம் பள்ளமாகிவிட்டால் நைனாவுக்கு அந்தக் கவலையே இல்லை.

சாராளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கால் தரையில் பாவிய நாளிலிருந்து அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்தவள். கணவன் தாவீதுக்கு மாதவரத்தில், தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப்பில் வேலை. சனிக்கிழமை ஊத்துக்கோட்டை பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவான். மதகுக் கசிவில் கோரை மண்டிக் கிடந்த இந்தத் துண்டை யாரும் வேண்டாம் என்றபோது, ஐந்து வருடத்துக்கு முன் அவளே நைனா வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கினாள். இரண்டு கோடை முழுக்கக் கோரைக் கிழங்கை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தாள். அவள் குடும்பத்தில் ஏர் பிடிக்கக் குத்தகைக்காவது தனக்கென்று நிலம் வைத்திருந்த முதல் ஆள் அவள்தான்.

வயல் வேலை இல்லாத நாளில் காட்டுக்குப் போவாள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் புதர்க்காட்டில் ஆவாரை தானாக வளர்ந்து கிடக்கும். மழை பெய்து சாறு ஏறிய ஆவாரங்குச்சியைத் தட்டினால் பட்டை தோல்போல் உரிந்து வரும். அதைக் கட்டுக்கட்டாக மேஸ்திரி லோகநாதனிடம் எடை போட்டுக் கொடுத்தால், லாரியில் ஏற்றி மாதவரம் தோல் ஷாப்புகளுக்கு அனுப்புவார். பட்டைத் தண்ணீரில் ஊறவைத்தால்தான் ஆட்டுத்தோல் அழுகாமல் பதப்படும்.

இந்தப் பட்டை வேலையில் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காய்ந்த பட்டை எடை நிற்காது. அதனால் வியாழக்கிழமை லாரி வருகிறது என்றால், புதன்கிழமையே கட்டுகளைக் குழியில் தண்ணீர் விட்டு ஊறப்போட்டுவிடுவார்கள். காலையில் மேலாக உதறிக் கொண்டுபோனால் மேஸ்திரிக்குத் தெரியாது. சாராளின் குழி அவள் வயல் மூலையிலேயே இருந்தது.

நைனா போன பிறகு சாராள் வயலுக்குள் இறங்கினாள். போனதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று எல்லம்மா சொன்னாள். எல்லம்மா நடவுப் பெண்களுக்குத் தலைவி, நாற்பத்தைந்து வயது, எதையும் பேச அஞ்சாதவள். சாராள் கேட்கவில்லை. வெளுத்த பயிருக்குள் குறுக்கே நடந்து வடகிழக்கு மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

அங்கே இரண்டு பாய் விரிக்கிற அகலத்துக்குப் பயிர் பச்சையாக நின்றது.

"எல்லம்மாக்கா! இங்க வந்து பாரேன். இந்த மூலைல மட்டும் ஏன் ஒண்ணும் ஆவல?"

எல்லம்மா வந்தாள். பார்த்தாள். முகம் ஒரு மாதிரியாயிற்று.

"இது அந்தக் கட்டுங்கதான்மே."

"எந்தக் கட்டு?"

"திட்ட மாட்டியே?"

"சொல்லு மொதல்ல."

நடவன்று நடந்ததை எல்லம்மா சொன்னாள். மாலையில் எட்டுக் கட்டு நாற்று மிஞ்சிவிட்டது. வாடிப் போகுமே என்று பக்கத்தில் தெரிந்த தண்ணீருக்குள் அவற்றை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் வந்து பார்த்தால் அது பட்டைக் குழி. வேர் எல்லாம் செம்பழுப்பாகிக் கிடந்தது. சாராள் பார்த்தால் வைவாள் என்று அவள் வருவதற்குள் எடுத்துக்கொண்டு போய், கண்ணில் படாத மூலையில் நட்டுவிட்டாள்.

"நாத்தக் கெடுத்துட்டேன்னு நான் பத்து நாளு தூங்கலமே."

சாராள் திட்டவில்லை. குனிந்து ஒரு குத்தைப் பிடுங்கினாள். வேரில் பழுப்பு இன்னும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை வந்த தாவீதிடம் சொன்னாள். அவன் தன் கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் நகக்கண் வரைக்கும் பழுப்பு.

"இந்தத் தண்ணில தோலப் போட்டா மாசக் கணக்கா நாறாது. வெளில போட்டா ஒரே நாள்ல புழு வெச்சிரும். அதுக்காக நெல்லுக்கு இன்னா வந்துச்சி? நெல்லு இன்னா ஆட்டுத் தோலா?"

"அழுவறது எல்லாம் ஒண்ணுதானயா?"

"அது சரி. அப்ப எம் மண்டையக் கூட அதுல நனைச்சிக்கினா முடி கொட்டாதா?"

"உன் மண்டைல நனைக்க இன்னா கீது?"

விடையை அடுத்த வாரம் குப்புராஜ் கொண்டுவந்தான், அவனுக்கே தெரியாமல். குப்புராஜ் அந்த வட்டாரத்துக் கிராம சேவக். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விதை, உரம், மருந்து பற்றிச் சொல்லும் சர்க்கார் வேலை. கூட்டுரோட்டு டீக்கடையில் அவனைச் சுற்றிக் கூட்டம். நாலு ஊரிலும் ஐ.ஆர். எட்டு வெளுத்துப் போயிருந்தது. எல்லாருக்கும் அவன்மேல்தான் கோபம். பட்டைக் கட்டோடு லாரிக்குக் காத்திருந்த சாராள் கூட்டத்தின் ஓரமாய் நின்று எட்டிப் பார்த்தாள்.

குப்புராஜ் ஒரு கண்ணாடி கிளாஸில் தெளிந்த தண்ணீர் வாங்கினான். நோய் கண்ட இலை ஒன்றைக் கத்தரித்து, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி பிடித்தான்.

"வெட்டின எடத்தையே பாருங்க."

கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல ஒரு நூல் கிளம்பி, தண்ணீருக்குள் நெளிந்து நெளிந்து இறங்கியது.

"இது பூச்சி இல்ல. பாக்டீரியான்னு பேரு. கண்ணுக்குத் தெரியாத கிருமி. அந்த நூல்ல இருக்கறது பூராவும் அதுதான், கோடிக் கணக்குல. காத்து மழைல இலைக்கு இலை ஒட்டும்."

"மருந்து?" என்றார் ஒருவர்.

"காசநோய்க்கு ஊசி போடறாங்களே, அந்த ஜாதி மருந்து. வெதைய அதுல ஊற வைக்கணும். ஆனா வர்றது கொஞ்சந்தான்." அந்தக் கொஞ்சம் யாருக்குப் போகும் என்று கூட்டத்துக்குத் தெரியும். ஊருக்கு ஒரு பொட்டலம், அது நைனாவுக்கு.

சாராளின் கண் கிளாஸை விட்டு அகலவில்லை. கிருமி வெட்டுவாய் வழியாக வெளியே வருகிறது. அப்படியானால் உள்ளே போவதும் வெட்டுவாய் வழியாகத்தானே? நாற்றுக்கு வெட்டுவாய் எங்கிருந்து வந்தது?

அவளுக்கே சிரிப்பு வந்தது. அதைச் செய்தது அவள் கைதான்.

ஏரி நிரம்பி மதகு திறக்கத் தாமதமாகும். அதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றி, நெடுநெடுவென்று வளர்ந்துவிடும். அப்படியே நட்டால் காற்றில் மடிந்து சேற்றில் படுத்துக்கொள்ளும். அதனால் நடவுப் பெண்கள் ஒவ்வொரு கட்டிலும் நுனியை ஒரு பிடி கிள்ளியெறிந்துவிட்டு நடுவார்கள். நுனியில் இருக்கும் பூச்சி முட்டையும் அதோடு போய்விடும். அந்தப் பக்கத்தில் யாரும் வேறு மாதிரி நட்டதில்லை. ஒரு வயலில் எத்தனை நாற்றோ அத்தனை காயம். எல்லாக் காயத்தையும் ஒரே சேற்றுத் தண்ணீரில் அலசி எடுக்கிற வேலை.

"அப்ப கிள்ளாம நடலாம்ல?" என்று எல்லம்மாவிடம் கேட்டாள்.

"கிள்ளாமயா? மொத காத்துக்கே கோரப் பாயாட்டம் படுத்துக்கும். அப்பறம் நைனா எம் மண்டையக் கிள்ளுவாரு."

கிள்ளாமல் முடியாது. கிள்ளினால் காயம். காயத்துக்குக் கட்டுப்போட ஏதாவது வேண்டும். கிள்ளி வைத்து மிஞ்சிப்போன எட்டுக் கட்டு நாற்றுக்கு அந்தக் குழி கட்டுப்போட்டிருந்தது. இதைச் சாராள் நம்பினாள். நம்புவது வேறு, முக்கால் ஏக்கரை அதன்மேல் வைப்பது வேறு என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு சம்பாதான் மிச்சம்.

சித்திரையில், சொர்ணவாரிப் பட்டத்தில், நைனாவின் கிணற்று வாய்க்கால் ஓரம் ஒரு கயிற்றுக்கட்டில் அளவுக்குச் சின்னச் சின்னப் பாத்திகள் கட்டினாள். ஆனால் வெயில் காலத்தில் அந்த நோய் வராது. வராத நோய்க்கு வைத்தியம் பார்த்து என்ன தெரியும்? இரண்டு நாள் யோசித்தாள். மதகுக் கசிவில், அறுத்த தாளிலிருந்து மறுபடி துளிர்த்த பயிர் கொஞ்சம் கிடந்தது. அதில் மஞ்சள் ஓரம் இன்னும் இருந்தது. அந்த இலைகளைப் பறித்து, அம்மியில் நசுக்கித் தண்ணீரில் கரைத்தாள். அரிவாளை அதில் முக்கி, முக்கி, நாற்று நுனிகளை அறுத்தாள்.

சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த குப்புராஜ் வாயைப் பிளந்தான்.

"ஏம்மா, நோயை நீயே ஒட்ட வைக்கிறியா?"

"ஆமா சார். வராத விருந்தாளிய வா வான்னு கூப்பிட்டாத்தான சோறு போதுமா போதாதான்னு தெரியும்?"

"இதை எங்க காலேஜ்ல ரெண்டு மாசம் சொல்லிக்குடுத்தாங்க" என்றான் அவன். அன்றிலிருந்து வாரம் இருமுறை அந்தப் பக்கம் வர ஆரம்பித்தான்.

முதல் தடவை, தாவீது சொன்ன தோல் ஷாப்புப் பக்குவத்தில் பட்டையை இடித்துக் கொதிக்க வைத்து, கெட்டிக் கஷாயமாக எடுத்தாள். நாற்று மூன்றே நாளில் செத்தது. நோயில்லை, மருந்தே கொன்றுவிட்டது. பயந்துபோய் அடுத்த தடவை பட்டையைச் சும்மா அலசின தண்ணீரில் நனைத்தாள். நோய் சிரித்துக்கொண்டே வந்தது. வைகாசி முடிவதற்குள் எத்தனை தடவை செய்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. இடித்துக் கொதிக்கவைத்ததைவிட முழுப் பட்டையாக இரண்டு நாள் ஊறினது மேல். நிறம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு டீக்கடை கிளாஸ் ஒன்றையே கேட்டு வாங்கி வந்துவிட்டாள். கிளாஸில் ஊற்றினால் பால் விடாத தேத்தண்ணீர் நிறம் தெரிய வேண்டும். அதற்கு மேல் கறுத்தால் தண்ணீர் கலக்க வேண்டும். நேரம்? நடவுப் பெண்கள் கரையேறி நாஷ்டா முடிக்கிற நேரம். கடைசிப் பாத்தியில் இருபது நாற்றில் பதினேழு நின்றது. நனைக்காத பாத்தியில் இருபதில் மூன்று.

குப்புராஜ் அந்தப் பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏம்மா, இதைப் பெரிய ஆபீசுக்கு எழுதறேன். உனக்கு இந்தப் பட்டை ஞாபகம் எப்படி வந்துச்சின்னு எழுதணுமே?"

சாராள் தலையைச் சொறிந்தாள். பட்டை ஏன் தண்ணீருக்குள் கிடந்தது என்று சொன்னால் மேஸ்திரி காதுக்குப் போகும். ஊர்ப் பெண்கள் எல்லாருடைய பிழைப்பும் அதோடு போகும்.

"சும்மா தோணுச்சி சார்" என்றாள். அவனும் அப்படியே எழுதினான். ஆபீசிலிருந்து பதிலே வரவில்லை.

1970 சம்பா. ஐப்பசியில் மதகு திறந்தது. வரப்பு ஓரம் தாவீது தோண்டிக் கொடுத்த நீளக் குழியில் பட்டைத் தண்ணீர், தேத்தண்ணீர் நிறத்தில். நடவுப் பெண்கள் கட்டுகளைக் கிள்ளிக் கிள்ளி அதில் வைத்துவிட்டுக் கரையேறிக் கூழைக் கரைத்தார்கள்.

"நாத்துக்கும் நாஷ்டாவா? குடுத்து வெச்ச நாத்துமே இது."

"தோல் ஷாப்பு நாத்து! அறுக்கறப்போ நெல்லு வராது பாரு, செருப்புதான் வரும்."

"வரட்டும். மொத ஜோடி உனக்குத்தான்" என்றாள் சாராள்.

நடவு தொடங்கும்போது அவள் ஒரு காரியம் செய்தாள். வயலின் நடுவே நாலு வரிசைக்கு நனைக்காத நாற்றை எடுத்து வைத்தாள். எல்லம்மா நிமிர்ந்துவிட்டாள்.

"இன்னாமே இது? மருந்து கைல கீது. நாலு வரிசைய சாவடிக்கப் போறியா? பைத்தியமா உனக்கு?"

"எல்லாமே நல்லா வந்துச்சின்னு வெச்சுக்கோ. இந்த வருசம் மழ கம்மி, அதான் நோவு வரலன்னு நைனா சொல்லிடுவாரு. அப்பறம் நான் இன்னா பேசறது?"

எல்லம்மா அந்தக் கட்டுகளைக் கையில் வாங்கினாள். பிறகு அந்த நாலு வரிசையைத் தானே நட்டாள், நூல் பிடித்தாற்போல் நேராக.

கார்த்திகை முதல் வாரத்தில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று ஏறி வந்தது. இரண்டு நாள் மழை ஊசிபோல் குத்தியது. சாராள் மூன்று நாள் வயலுக்குப் போகவில்லை. போகக் கால் வரவில்லை. நான்காம் நாள் எல்லம்மாதான் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் பச்சை. ஏழாம் நாளும் பச்சை. பத்தாம் நாள் காலை சாராள் வரப்பில் ஏறியபோது வயலின் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. யாரோ சுண்ணாம்பால் கிழித்தது போல, நாலு வரிசை, மதகிலிருந்து கடைவரப்பு வரை. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முக்கால் ஏக்கரும் கரும்பச்சை.

அவள் உட்கார்ந்துவிட்டாள். சேறு என்றும் பார்க்கவில்லை. "எல்லம்மாக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஏரிக்கரையில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கின.

நைனாவின் நாலு ஏக்கரில் பாதி போயிருந்தது. விதைக்குச் சர்க்கார் மருந்து போட்டாகிவிட்டது. நடும்போது கிள்ளின காயத்துக்குத்தான் யாரும் எதுவும் போடவில்லை.

செய்திக்குக் கால் முளைத்தது. முதலில் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். பிறகு கடம்பத்தூர்க்காரர் ஒருவர், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், பார்த்துவிட்டுப் போய் மறுநாள் பத்துப் பேரோடு வந்தார். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குப்புராஜ் பெரிய அதிகாரியை ஜீப்பில் கூட்டிக்கொண்டு வந்தபோது, வரப்பு தாங்காத கூட்டம். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வந்திருந்தார். பட்டை மேஸ்திரி லோகநாதன் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். நைனா குடையோடு நின்றார். தாவீது தோல் ஷாப்பிலிருந்து நாலு சிநேகிதர்களைக் கூட்டி வந்து, "பழுப்புக் கை நம்ம கையி, பச்ச வயலு என் பொண்டாட்டிது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதிகாரி வெள்ளைக் கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிச் சேற்றைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, இந்தப் பட்டை யோசனை உனக்கு எப்படி வந்தது?"

சாராள் மேஸ்திரியைப் பார்த்தாள். குப்புராஜைப் பார்த்தாள். இத்தனை பேர் நிற்கும் இடத்தில் இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தப்பா வந்துச்சி சார். கிள்ளின நாத்த எல்லம்மாக்கா தெரியாம எங்க பட்டைக் குழில வெச்சிட்டாங்க."

லோகநாதன் கையை அவிழ்த்தார். "பட்டைக்கு எதுக்கு மே குழி? பட்டை ஏன் தண்ணில கெடந்துச்சி?"

"எடை ஏறத்தான் மேஸ்திரி."

"அடிப் பாவிங்களா! எத்தினி வருசமா நடக்குது இது?"

"உங்க தராசு ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சிச்சே, அந்த வருசத்துலருந்து."

கூட்டம் வெடித்தது. அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மேஸ்திரி சிவந்து போய், இரண்டு முறை வாயைத் திறந்து மூடி, கடைசியில் தானும் சிரித்துவிட்டார். வேறு வழியில்லை, அவ்வளவு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நைனா தொண்டையைச் செருமினார்.

"சாரா, நவரைப் பட்டத்துக்கு எனக்கு நாத்து ரெடியா கீது. பத்து நாள்ல நடணும். அந்தத் தண்ணி எனக்கும் போட்டுக் குடுத்துடு."

"தரேன் நைனா. சூளைக்காரரு?"

"அவர வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

"ரொம்ப சந்தோசம் நைனா. அப்டியே தாலுகா ஆபீசுல எம் பேரயும் பதிஞ்சிடுங்க."

கூட்டம் நைனா பக்கம் திரும்பியது. கர்ணம் மேல்துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார். நைனா குடையை வரப்பில் ஊன்றினார்.

"இத்தினி பேரு முன்னாடி கேக்கறியா?"

"போன வருசம் நெலத்த எடுத்துக்குவேன்னு சொன்னது கூட பத்துப் பேரு முன்னாடிதான நைனா?"

நைனா சுற்றிலும் பார்த்தார். எல்லம்மாவின் நடவுக்காரிகள் பதினெட்டுப் பேரும் சாராளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். எல்லம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"நைனா, உங்க நாத்த நாங்க கிள்ளுவோம், நடுவோம். நனைக்கறது மட்டும் அவ வேல. அவ வரலன்னா நாங்களும் கரையேறிடுவோம், சொல்லிட்டேன்."

நைனா பச்சையைப் பார்த்தார், வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், தூரத்தில் வெளுத்துக் கிடந்த தன் வயலைப் பார்த்தார். கெட்ட மனிதரல்ல, நிலம் கைவிட்டுப் போகும் பயம் அவருக்கும் இருந்தது. ஆனால் கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொல்கிற ஆளுமல்ல.

"கர்ணம்" என்றார். "காகிதத்த ரெடி பண்ணும். புதன்கெழம போலாம்."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். தாவீதின் தோல் ஷாப்பு சிநேகிதர்கள் அவனைத் தோளில் தூக்கப் பார்க்க, "என்ன ஏன்டா தூக்கறீங்க, அவள தூக்குங்க" என்று அவன் கத்தினான். சாராள் ஓடிப்போய் எல்லம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

புதன்கிழமை தாவீதும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். தாலுகா ஆபீசில் குமாஸ்தா படிவத்தை எடுத்தார். நைனா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா எதிரில் நின்ற புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் ஆம்பளையைப் பார்த்தே கேட்டார்.

"குத்தகைதாரர் பேர் சொல்லுப்பா."

"சாராள்."

"அது யாரு?"

"இதோ, இவதான் சார்."

"உன் பேரைச் சொல்லுய்யா. குடும்பத் தலைவன் பேர்ல போட்டா நாளைக்குத் தொந்தரவு இருக்காது."

"நான் தோல் ஷாப்பு சார்" என்றான் தாவீது. "எனக்கு எரு எது, எள்ளு எதுன்னு கூடத் தெரியாது. கோரை புடுங்கனது அவ, நட்டது அவ, நோவ நிறுத்தனது அவ. எம் பேர எழுதினா அந்த நெல்லே சிரிக்கும்."

குமாஸ்தா நைனாவைப் பார்த்தார். நைனா தலையாட்டினார்.

பேனா ஓடியது. சாராள், கணவர் பெயர் தாவீது, நாவப்பேடு, நன்செய், எழுபத்தைந்து சென்ட். சாராளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மேசைமேல் குனிந்து, விரலை வைத்து, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். ‘ள்’ வரைக்கும் வந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"சரியா கீதா?" என்றான் தாவீது.

"கீது."

வெளியே வந்ததும் அவன் ஓட்டலைக் காட்டினான். பூரி சாப்பிடலாம், இன்றைக்காவது ஒரு நாள் மெதுவாகப் போகலாம் என்றான். அவள் அதற்குள் பஸ் நிற்கும் இடத்துக்குப் பாதி தூரம் போயிருந்தாள்.

"பூரி அப்பறம் துன்னலாம். சனிக்கெழம நைனா நடவு, பட்ட இன்னும் ஊறப் போடல. வெரசா வாயா, பஸ்ஸு போயிடும்!"